ஹேர்டிரெஸ்ஸர் காரும் சைக்கிள் கொட்டகையும்

பிரிட்டனில் கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று சொன்னால் யாராவது ஒருவர் 'ஹேர்டிரெஸ்ஸர் கார்' என்று சொல்லிச் சிரிப்பார். அமெரிக்காவில் அதே காரை 'சிக் கார்' என்பார்கள். பெண்பிள்ளைகள் ஓட்டுகிற கார் என்று பொருள்.

1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் இந்தக் கார் அறிமுகமானது. இரண்டே இருக்கைகள், கையால் மடக்கும் துணிக்கூரை, முன்னால் எஞ்சின், பின்சக்கரங்களுக்கு உந்துவிசை. 1.6 லிட்டர் எஞ்சின் அமெரிக்கச் சந்தையில் 116 குதிரைத்திறன் தந்தது. எடை ஒரு டன்னுக்குள். 2016இல் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனை இதனுடையதுதான். வளைவுகளில் இந்தக் கார் எவ்வளவு நன்றாகத் திரும்பும் என்பது கேலி செய்பவர்களுக்கும் தெரியும். பந்தயத் தடங்களில் அதை ஓட்டுகிறவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. பிறகு கேலி எதற்கு? கார் சின்னதாக இருந்தது, உருண்டையாக இருந்தது, முன்விளக்குகள் கண் விழிப்பதுபோல் மேலெழுந்தன. பெண்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அதுதான் குற்றம்.

அந்த வசைச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹேர்டிரெஸ்ஸர் யார்? நாள் முழுவதும் நின்றுகொண்டே கத்தரியைக் கையாளும் தொழிலாளி. தன் கைத்திறமையில் சம்பாதித்து, தன் பணத்தில் தனக்கென்று ஒரு கார் வாங்கியவள். குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லவும் குடும்பத்துக்குக் காய்கறி வாங்கி வரவும் தோதான கார் அல்ல அது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, அவளுடைய மகிழ்ச்சிக்கென்றே இருக்கிற கார். இதில் வசை எங்கே இருக்கிறது? பெண்ணும், பெண்ணின் தொழிலும், பெண் தனக்காகச் செலவழிப்பதும் ஏற்கெனவே இழிவானவை என்று நம்புகிறவருக்குத்தான் இது வசையாகக் கேட்கும். முடிதிருத்தும் தொழிலில் இருக்கும் ஆணைத் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லிச் சிரிக்கும் வழக்கமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒரே சொல்லில் இரண்டு பேரை அடிக்கிறார்கள்.

நான் இங்கே விமர்சிக்க எடுத்துக்கொள்வது இந்தக் காரை அல்ல. வீட்டில் வைத்து இப்படிப்பட்ட காரை மாற்றியமைப்பதைப் பற்றி எழுதப்படுகிற, பேசப்படுகிற முறையை. எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களில் பலர் அதை வாங்கிய நிலையிலேயே விட்டுவைப்பதில்லை. ஸ்பிரிங், டாம்பர், பிரேக் பேடு, புகைக்குழாய், கூரைக்குக் கீழே உருட்டுக் கம்பி என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். இந்த மாற்றங்களைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு வகை தெரிகிறது. ஒன்று, இயந்திரம் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வது. மற்றொன்று, அந்த வசைக்குப் பதில் சொல்வது.

முதல் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. எம்எக்ஸ்-5இன் முதல் எஞ்சின் மாஸ்டா 323 என்ற குடும்பக் காரிலிருந்து வந்தது. அதில் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்தது. குளிர்விக்கும் நீர் ஒரு முனையில் உள்ளே போய் மறுமுனையில் வெளியே வந்தது. எம்எக்ஸ்-5இல் அதே எஞ்சினை நெடுக்குவாட்டில் வைத்தபோது பின்முனை தடுப்புச் சுவரை ஒட்டிப் போய்விட்டது. அதனால் நீர் வெளியேறும் வழியையும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்தார்கள். பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குப் போதிய நீரோட்டம் இல்லை. மற்றவற்றைவிட அது அதிகம் சூடாகும். சாலையில் ஓட்டுபவருக்கு இது பெரிய சிக்கல் அல்ல. டர்போ மாட்டுகிறவருக்கும் பந்தயத்தில் ஓட்டுகிறவருக்கும் சிக்கல்தான். எனவே வீட்டுப் பட்டறைக்காரர்கள் வெளியேறும் வழியை மறுபடி பின்னுக்கு மாற்றுகிறார்கள். ஒரு குழாயின் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்ய, நீர் எங்கிருந்து எங்கே போகிறது, வெப்பம் எங்கே தேங்குகிறது என்று யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாம் வகையில் யோசனை குறைவு. காரின் எடைக்கும் சஸ்பென்ஷனுக்கும் பொருந்தாத பெரிய சக்கரங்கள், எலும்பை உலுக்கும் அளவுக்கு இறுகிய ஸ்பிரிங், தெருவே திரும்பிப் பார்க்கும் புகைக்குழாய். கனமான சக்கரம் மேடுபள்ளத்தைப் பின்தொடர முடியாமல் துள்ளுகிறது. ஸ்பிரிங் மிதமிஞ்சி இறுகினால் கரடான சாலையில் டயரின் பிடிப்பு குறைகிறது. காரின் மிகப் பெரிய நற்குணம் எதுவோ அதுவே கெட்டுப்போகிறது. ஆனால் பார்வைக்கு முரட்டுத்தனம் வந்துவிடுகிறது. 'இனி யாரும் ஹேர்டிரெஸ்ஸர் கார் என்று சொல்ல முடியாது' என்ற வாக்கியம் இந்த மாற்றங்களுக்கான நியாயமாகவே வந்து நிற்கிறது. காரைப் பற்றிய பேச்சாக அது தோன்றலாம். உண்மையில் ஓட்டுகிறவரின் ஆண்மையைப் பற்றிய பதற்றம் அது. சத்தமும் வேகமும் ஆண்களுக்கு மட்டுமே பிடித்தவை என்று நான் சொல்லவில்லை. அந்த இன்பம் எந்தப் பாலினத்துக்கும் சொந்தமல்ல. பெண்மையைக் கழுவித் துடைப்பதையே முன்னேற்றம் என்று எண்ணுவதைத்தான் சொல்கிறேன்.

*

இனி 'வீட்டில்' என்ற சொல்லுக்கு வருவோம்.

எம்எக்ஸ்-5 பிறப்பதற்கு முன்மாதிரியாக இருந்தவை 1950களிலும் 60களிலும் வந்த சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள். அவற்றில் ஒன்று 1958இல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட். 948 சிசி எஞ்சின், 43 குதிரைத்திறன். தவளைக்கண் என்று செல்லப்பெயர் பெற்ற கார். ஓர் ஆள் தன் சைக்கிள் கொட்டகையிலேயே நிறுத்தி வைத்துக்கொள்ளும்படி மலிவான ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்பதே அதன் பின்னாலிருந்த எண்ணம் என்று அந்தக் காரின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அந்த 'ஆள்' ஆண் என்பதை ஆங்கிலச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. கொட்டகை அவனுடையது. வீட்டின் மற்ற பகுதிகள் யாருடையவை என்ற கேள்வி எழவில்லை.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்டீவன் கெல்பர் 1997இல் எழுதிய ஒரு கட்டுரையில், வீட்டிலேயே பழுதுபார்க்கும், பொருள் செய்யும் பழக்கம் எப்படி வீட்டுக்குள் ஆண்மைக்கென்று ஓரிடத்தை உருவாக்கியது என்று விளக்கினார். வேலை அலுவலகத்துக்கும் ஆலைக்கும் போய்விட்ட பிறகு, வீடு பெண்ணின் இடமானது. அங்கே ஆண் தன்னை ஆணாக உணரக் கருவிப்பெட்டி உதவியது. கேரேஜ் என்பது வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆண்களின் திண்ணை.

இதோடு ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' நூலைச் சேர்த்து வாசிக்க வேண்டும். வீட்டுக்கு இயந்திரங்கள் வந்த பிறகும் பெண்ணின் வேலை ஏன் குறையவில்லை என்பதே அவருடைய கேள்வி. விறகு பிளப்பது போன்று ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. பெண்ணின் வேலைகள் அவளிடமே தங்கின, புதியனவும் சேர்ந்தன. கார் வந்தபோது, பொருள்கள் வாசலுக்கு வந்த காலம் போய், அவற்றைப் போய் வாங்கி வருவதும் அவள் வேலையானது. ஒரே கார். அவளுக்கு அது வேலைக் கருவி. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு.

ஒரு காரின் சஸ்பென்ஷனை வீட்டில் மாற்றுவதற்கு, புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு முழு வார இறுதி வேண்டும். துருப்பிடித்த போல்ட் உடைந்தால் அடுத்த வார இறுதியும் போகும். அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? வழிகாட்டி நூல்கள் தேவையானவற்றைப் பட்டியலிடுகின்றன: ஜாக், தாங்கிகள், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், துரு இளக்கும் திரவம். அந்த இரண்டு நாளும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும், மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவும், கிரீஸ் படிந்த துணியைத் தனியாகத் துவைக்கவும் ஒருவர் தேவை என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. 'நீங்களே செய்யலாம்' என்று சொல்லும் நூல், தனியாக ஒருவர் செய்துவிடுவதாகக் கற்பனை செய்கிறது. அந்தத் தனிமையை உருவாக்கிக் கொடுப்பது இன்னொருத்தியின் உழைப்பு.

அவள் இந்தப் பேச்சில் வருவதே இல்லையா என்றால், வருகிறாள். நகைச்சுவையாக வருகிறாள். பாகம் என்ன விலை என்று மனைவிக்குத் தெரியக்கூடாது, பெட்டி வந்ததும் ஒளித்துவைக்க வேண்டும், அனுமதி கிடைத்ததா, மன்னிப்புக் கேட்பது அனுமதி கேட்பதைவிடச் சுலபம். நாடு விட்டு நாடு ஒரே நகைச்சுவை. மேலுக்குப் பார்த்தால் மனைவிதான் அதிகாரி, கணவன் பயந்தவன். உண்மை அதற்கு நேரெதிர். வீட்டுச் செலவு துண்டு விழுந்தால் யார் சமாளிப்பாரோ அவர்தான் கணக்கைப் பற்றிக் கவலைப்படுகிறார். அந்தக் கவலையை 'நச்சரிப்பு' என்று மாற்றுவதுதான் நகைச்சுவையின் வேலை. பொறுப்பை அவளிடம் கொடுத்துவிட்டு அதற்கு அதிகாரம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பொழுதுபோக்கே கூடாது என்பதல்ல என் வாதம். ஒளித்துவைக்க வேண்டிய அளவுக்கு ஒரு பொழுதுபோக்கு போய்விட்டது என்றால், அது பொதுப்பணத்தில் கைவைத்திருக்கிறது என்று பொருள். சிரிப்பு அதைச் சரிசெய்யாது.

*

சைக்கிள் கொட்டகைக்குள் ஒரு பெண் நின்றால் கதை எப்படிச் சொல்லப்படுகிறது? ஸ்பிரைட்டின் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

பியாட்ரிஸ் ஷில்லிங் 1909 மார்ச் 8 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். கசாப்புக்கடைக்காரரின் மகள். பதினான்கு வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கழற்றிப் பூட்டினார். மார்கரெட் பார்ட்ரிஜ் என்ற பெண் பொறியாளர் நடத்திய மின் நிறுவனத்தில் தொழில் கற்றார். மான்செஸ்டரில் மின்பொறியியல் படித்தார். 1934இல் புரூக்லண்ட்ஸ் தடத்தில் நார்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 106 மைல் வேகத்தில் ஒரு சுற்று ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றார். 1936இல் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

போரின்போது மெர்லின் எஞ்சின் பொருத்திய பிரிட்டிஷ் போர் விமானங்களில் ஒரு கோளாறு இருந்தது. மூக்கைக் கீழே திருப்பிப் பாய்ந்தால் கார்பரேட்டரில் எரிபொருள் தாறுமாறாகி எஞ்சின் தடுமாறும். எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் முறை கொண்ட ஜெர்மானிய எஞ்சின்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஷில்லிங் கண்ட தீர்வு, துளையிட்ட ஒரு சின்ன உலோகப் பாகம். எஞ்சின் முழுத் திறனில் கேட்கிற அளவு எரிபொருளை மட்டும் விடும், அதற்கு மேல் விடாது. விமானத்தைப் பணியிலிருந்து எடுக்காமலே பொருத்தலாம். 1941இல் அவரும் அவருடைய குழுவினரும் விமானத்தளம் தளமாகப் போய் அதைப் பொருத்தினார்கள். முழுமையான தீர்வு அல்ல, இடைக்காலத் தீர்வு. விமானிகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்கு வைத்த பெயர் 'மிஸ் ஷில்லிங்கின் ஓட்டை'. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உடல் உறுப்பைக் குறிக்கும் இரட்டை அர்த்தமும் உண்டு. இன்றும் பலர் அதைப் பாராட்டாகவே நினைத்து, புன்னகையோடு எழுதுகிறார்கள். ஓர் ஆண் பொறியாளர் செய்த பாகத்துக்கு அவருடைய உடலைச் சுட்டும் பெயர் நிலைத்திருக்குமா?

இது தனி ஒருவருக்கு நடந்தது அல்ல. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் கார்ல் பென்ஸின் வண்டியை எடுத்துக்கொண்டு, அவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் போனார். எல்லாரும் சொல்வது, தொப்பி ஊசியால் எரிபொருள் குழாய் அடைப்பை எடுத்ததையும், காலுறைப் பட்டையால் கம்பியைச் சுற்றியதையும்தான். தேய்ந்துபோன மரப் பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்க வைத்ததும், மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பி வந்து சொன்னதும் அவ்வளவு பேசப்படுவதில்லை. பாதி வழியில் பிரேக்கை மாற்றியமைத்ததும், ஓட்டிப் பார்த்துத் திருத்தம் சொன்னதும் பொறியாளர் வேலை. நினைவில் நின்றவையோ உடுப்பும் அணிகலனும்.

போருக்குப் பிறகு ஷில்லிங்கும் அவர் கணவர் ஜார்ஜ் நேய்லரும் கார்ப் பந்தயத்துக்கு வந்தார்கள். பல கார்களைத் தங்கள் வீட்டுப் பட்டறையிலேயே பெரிய அளவில் மாற்றியமைத்தார்கள். 1959 முதல் 1962 வரை, ஸ்பிரைட்டின் பந்தய வடிவமான செப்ரிங் ஸ்பிரைட்டில் குட்வுட் தடத்தில் ஓட்டி, பலமுறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார்கள். அதாவது, ஓர் ஆணின் கொட்டகைக்கென்று கற்பனை செய்யப்பட்ட அதே காரை, ஐம்பது வயதை எட்டிய ஒரு பெண் வீட்டில் வைத்து வேலை பார்த்து ஓட்டினார். ஷில்லிங்கின் கதையைச் சொல்பவர்கள் 1941இல் நின்றுவிடுகிறார்கள். நாட்டைக் காப்பாற்ற ஒரு பெண் ஸ்பேனர் எடுத்தால் அதற்கு மன்னிப்பு உண்டு; அது கடமை. தன் மகிழ்ச்சிக்காக ஞாயிற்றுக்கிழமை எடுத்தால்? எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முக்கியம். பயன் எதையும் காட்டி நியாயப்படுத்தாத நேரம் அது.

ஷில்லிங்கை வீராங்கனையாக்கி மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடவும் கூடாது. அவரிடம் சொந்தச் சம்பளம் இருந்தது. கருவிகள் இருந்தன. பட்டறையில் கூட நின்று வேலை செய்த துணைவர் இருந்தார். எல்லாவற்றுக்கும் முன்னால், இளம்வயதில் தொழில் சொல்லிக்கொடுத்த ஒரு பெண் இருந்தார். திறமை பிறவியில் வந்ததல்ல, கைமாறி வந்தது.

*

'பெண்ணுக்குக் கையில் பலம் போதாது' என்பார்கள். சிந்தியா காக்பர்ன் 1981இல் எழுதிய 'தி மெட்டீரியல் ஆஃப் மேல் பவர்' கட்டுரையில் இதற்குப் பதில் இருக்கிறது. உடல் வேறுபாடு சிறியது. எந்தக் கருவி என்ன எடை, எந்த மூட்டை என்ன அளவு என்று தீர்மானிப்பதன் வழியாக அது பெரிதாக்கப்படுகிறது என்றார் அவர். கார்ச் சக்கரத்தின் நட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எம்எக்ஸ்-5க்கு அதை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கத்துக்கு இறுக்க வேண்டும். அரை மீட்டர் நீளமுள்ள கம்பியின் முனையில் சுமார் 20 கிலோ எடை அழுத்தினால் அது கிடைத்துவிடும். ஒரு மீட்டர் கம்பி என்றால் 10 கிலோ போதும். ஒரு குடம் தண்ணீர் தூக்குகிறவளுக்கு இது ஒன்றுமே இல்லை. இறுகிப்போன நட்டோடு மல்லுக்கட்டுகிறவரைப் பலசாலி என்கிறோம். நீளமான கம்பியைத் தேடி எடுப்பவருக்குத்தான் இயந்திரம் புரிந்திருக்கிறது.

தடையாக இருப்பது பலம் அல்ல, பழக்கம். கேரேஜில் அப்பாவுக்குப் பக்கத்தில் மகனும் மகளும் நிற்கிறார்கள். மகன் கையில் ஸ்பேனர் போகிறது. மகள் டார்ச் பிடிக்கிறாள். வெளிச்சம் சரியாக விழவில்லை என்று திட்டும் வாங்குகிறாள். பத்து ஆண்டுகளில் அவனுக்கு எந்த போல்ட் எந்த அளவு என்று கை சொல்லும். அவளுக்கு டார்ச் பிடிக்கத் தெரியும். பிறகு 'அவளுக்கு ஆர்வமில்லை' என்று சொல்கிறார்கள். நம் ஊரில் மெக்கானிக்கை யோசிக்காமலே 'அண்ணா' என்று கூப்பிடுகிறோம். 'அக்கா' என்று கூப்பிடும் வாய்ப்பு நம் வாய்க்கே வந்ததில்லை.

ஆகவே வீட்டில் காரை மாற்றியமைக்கும் கலையை விமர்சிக்கும்போது, அதைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு பொருளை வாங்கி, விற்றவர் சொன்னபடி மட்டும் பயன்படுத்திவிட்டுத் தூக்கியெறிவதைவிட, அதைத் திறந்து புரிந்துகொண்டு நம் தேவைக்கு மாற்றுவது எவ்வளவோ மேல். சமையலறையிலும் தையல் இயந்திரத்திலும் பெண்கள் அதைத்தான் செய்துவருகிறார்கள். அதை யாரும் 'மாடிஃபிகேஷன்' என்று அழைக்கவில்லை. கேட்க வேண்டியது வேறு. அந்த வார இறுதி எல்லாருக்கும் முறைவைத்துக் கிடைக்கிறதா? செலவுக் கணக்கு மேசைமேல் இருக்கிறதா? டார்ச்சும் ஸ்பேனரும் கைமாறுகின்றனவா?

அந்த ஹேர்டிரெஸ்ஸரிடமே திரும்பிப் போவோம். கத்தரியின் முனையை மில்லிமீட்டர் பிசகாமல் நிறுத்துகிற கை அவளுடையது. நீர், சூடு, ரசாயனம் எவ்வளவு நேரம் எதைச் செய்யும் என்று அவளுக்குத் தெரியும். காருக்குத் தேவையான கவனம் ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது. அவளிடம் இல்லாதது அவளுக்கென்று ஒரு கொட்டகையும், யாரும் சாப்பாட்டுக்குக் காத்திருக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான்.